மிளகாய் வகைநூல்: பழனிமலைப் படலம்

நூலின் முகப்பில் எட்டுச் செய்தி சொல்லப்பட்டாக வேண்டும் என்பது நன்னூல் வகுத்த பாயிர விதி. அதை மீற எங்களுக்குத் துணிவில்லை. ஆக்கியோன் பெயர்: இப்போது வேண்டாம், புகழ் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். வழி: மண்டிப் பேச்சு, வேளாண் பல்கலைக்கழகக் கையேடு, பாட்டிமார் சொல் மூன்றையும் கலந்த வழி. எல்லை: வடக்கே ஒட்டன்சத்திரம், கிழக்கே வத்தலக்குண்டு, தெற்கே பெரியகுளம், மேற்கே கேரளத்து மலைகள். நூற்பெயர் மேலே இருக்கிறது. யாப்பு: தொகைவிரி, அதாவது சுருக்க வேண்டியதை விரித்தும், விரிக்க வேண்டியதைச் சுருக்கியும் செய்தது. நுதலிய பொருள்: மிளகாயை நிறையக் காய்க்க வைப்பது, நன்றாக உறைக்க வைப்பது, நெடுநாள் கெடாமல் வைப்பது. கேட்போர்: நாலு தொட்டியில் மிளகாய் வைத்து நாற்பது சந்தேகம் கேட்பவர் முதல், நாலு ஏக்கரில் வைத்து ஒரு சந்தேகமும் கேட்காதவர் வரை. பயன்: சட்னி.

நுதலிய பொருள் மூன்றும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். ஒருத்தி சிரித்தால் இன்னொருத்திக்கு முகம் கோணும். தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கொடுத்தால் செடி கொழிக்கும். உறைப்பு பெரும்பாலும் இறங்கும். கொஞ்சம் வாடவிட்டால் உறைப்பு ஏறும், காய் குறையும். சதை தடித்த காய் பச்சையாக விற்க அழகு. காயப் போட்டால் உள்ளே பூசணம் பிடிக்கும். தோல் மெலிந்தது சருகாகக் காய்ந்து கொடுக்கும்; பச்சையாக வைத்தால் சீக்கிரம் வதங்கும். ஆகவே அதிக மகசூல், அதிகக் காரம், அதிக ஆயுள் மூன்றையும் ஒரே பொட்டலத்தில் அச்சடித்து விற்கும் விதையை இந்நூல் புராண வகையில் சேர்க்கிறது.

சமவெளிக்காரருக்கு இந்த வழக்கு தீராது. பழனிமலைக்காரருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: ஒரே மலையில் மூன்று தட்டு. மூன்று வரத்தையும் மலை கொடுத்திருக்கிறது. ஒரே இடத்தில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் இயல்: தட்டு

பழனிமலையில் மிளகாய் மூவகைப்படும்: அடித்தட்டு மிளகாய், இடைத்தட்டு மிளகாய், உச்சித்தட்டு ஏக்கம்.

அடித்தட்டு என்பது ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் மலையைச் சுற்றிக் கிடக்கும் நிலம். தென்மேற்குப் பருவமழையை மலை தன் தலையிலேயே வாங்கிக்கொள்வதால், வடக்குச் சரிவின் அடிவாரத்துக்கு மிஞ்சுவது காற்றும் வெயிலும். மிளகாய்க்கு அது போதும். 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் அதற்குச் சொர்க்கம். நாற்றங்காலில் 40, 45 நாள். பிறகு இரண்டடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் நடவு. நட்ட 75ஆம் நாள் வாக்கில் முதல் பறிப்பு. முதல் இரண்டு பறிப்பைப் பச்சையாக எடுத்துவிட்டு, அதன்பின் பழுக்க விடுவது வழக்கம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காயைச் செடியிலேயே பழுக்க விட்டால், பிள்ளை பிழைத்துவிட்டது என்று செடி அடுத்த பூவுக்குச் சோம்பும். பச்சையாகப் பறிக்கப் பறிக்கத்தான் பதறிப்போய் மீண்டும் பூக்கும். விளைச்சல் வேண்டுமா, வத்தல் வேண்டுமா என்பதை அந்த மூன்றாம் பறிப்பிலேயே முடிவு செய்தாக வேண்டும். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் பக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் பச்சைக்கே வாக்களிப்பார்கள். அன்றன்றைக்குக் காசு.

தெற்கு அடிவாரத்துப் பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. பி.கே.எம். 1 என்ற மிளகாய் அங்கே பிறந்தது. தாய்தந்தையரில் ஒருவர் கோ 1. கோ 1 என்பது சாத்தூர் சம்பாவிலிருந்து தெரிவு செய்யப்பட்டது. கோவில்பட்டியில் பிறந்த கே 2 ரகத்துக்கும் சாத்தூர் சம்பா ஒரு பெற்றோர். ஆக, குலம் கோத்திரம் விசாரித்துக்கொண்டே போனால் பாதி மிளகாய் சாத்தூரில்தான் போய் முடிகிறது. பெயர் வைப்பதில் மட்டும் அரசு சிக்கனம் காட்டியிருக்கிறது: ஊர்ப்பெயரின் சுருக்கம், ஓர் எண். கற்பனை அதற்கு மேல் செலவிடப்படவில்லை.

இடைத்தட்டு, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் என்று 3,000 அடிக்கும் 5,000 அடிக்கும் இடைப்பட்ட நாடு. காப்பி, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, மலைவாழை, ஆரஞ்சு என்று ஏற்கெனவே கூட்டம். இங்கே மிளகாயைப் பயிர் என்று சொல்வதைவிட வந்தேறி என்று சொல்வது பொருந்தும். ஏற்ற இனம் காந்தாரி. விரல்நகம் அளவுக் காய், வானத்தைப் பார்த்து நிற்கும். பாதி நிழலிலும் காய்க்கும், ஓரிரு ஆண்டில் சாகாது, உரம் கேட்காது. விதைப்பவர் பறவை. மிளகாயின் உறைப்பு பாலூட்டிகளுக்குத்தான், பறவைக்கு உறைக்காது. விதையைக் கடித்து நொறுக்குகிறவனை விரட்டி, முழுங்கித் தொலைவில் போடுகிறவனை வரவேற்கும் ஏற்பாடு அது என்று 2001இல் 'நேச்சர்' இதழில் டுக்ஸ்பரி, நாபன் என்ற இருவர் காட்டினார்கள். நாம் எந்த வகையில் வருகிறோம் என்பதை மிளகாய் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாம்தான் கேட்கவில்லை.

உச்சித்தட்டு கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர். கொடைக்கானல் 7,000 அடி. இரவு வெப்பம் ஆண்டின் பெரும்பகுதி 15 டிகிரிக்குக் கீழே. அந்தக் குளிரில் மிளகாய்ப் பூவின் மகரந்தம் செத்துப்போகும். பூ கொட்டும், தப்பிய பூவில் விதையில்லாத கூனல் காய். மார்கழி, தை உறைபனி வந்தால் செடியே கருகும். பசுமைக்குடிலுக்குள் குடைமிளகாய் வரும். ஆனால் குடைமிளகாயைக் கார வகையில் சேர்த்தால் நூலின் மானம் போய்விடும். உலகில் குளிருக்கென்றே ஒரு மிளகாய் இனம் உண்டு. ஆண்டீஸ் மலைக்காரர்களின் ரொகோட்டோ: ஊதாப் பூ, மயிர் பூத்த இலை, கறுத்த விதை. அதன் சதை தக்காளி கனத்துக்கு இருக்கும், வெயிலில் காயாது. அப்படியே காயும் என்றாலும் வெயிலுக்கு எங்கே போவது? 1901 முதல் கொடைக்கானல் வானாய்வகம் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 1909இல் எவர்ஷெட் என்ற வானியலாளர் அங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைக் கண்டுபிடித்தார். சூரியனை இவ்வளவு காலம் பார்த்த ஊருக்கு ஒரு படி வத்தல் காயவைக்கும் வெயில் கிடைக்கவில்லை என்பதை வரலாறு பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் இயல்: உறைப்பு

உறைப்பு எங்கே இருக்கிறது என்பதில் இரு கட்சி. விதையில் என்பது பெரும்பான்மைக் கட்சி. தோற்ற கட்சியும் அதுவே. ஒரு பச்சை மிளகாயை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். காம்படியிலிருந்து நுனியை நோக்கி வெளிர்மஞ்சளாக ஒரு நரம்பு இறங்கும். விதைகள் அதைத்தான் பற்றிக்கொண்டிருக்கும். நுனியில் விதையில்லாத சதையைக் கிள்ளி நாக்கில் வைத்தால் பச்சை இலை வாசம், அவ்வளவுதான். அந்த நரம்பைக் கத்திமுனையால் சுரண்டி நாக்கில் தொட்டால், உறைப்புக்குக் காரணமான கேப்சைசின் தன் வீட்டு முகவரியைச் சொல்லும். விதைக்கு உள்ளது கூடா நட்பால் வந்த கெட்ட பெயர்.

அளவுகோல் தந்தவர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளர், 1912இல். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே போய், எத்தனை மடங்கில் நாக்குக்குத் தெரியாமல் போகிறது என்று எண்ணினார். அந்தக் கணக்கில் வடகிழக்கு இந்தியாவின் பூத் ஜொலோக்கியா 2007இல் பத்து லட்சத்தைத் தாண்டி கின்னஸ் ஏறியது. 2023இல் பெப்பர் எக்ஸ் என்ற ஒன்று 26 லட்சத்து 93 ஆயிரம். இவற்றை உணவு வகையில் சேர்ப்பதா ஆயுத வகையில் சேர்ப்பதா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர்.

2021இல் டேவிட் ஜூலியஸ் மருத்துவ நோபலில் பங்கு பெற்றது இதே கேப்சைசினைக் கொண்டு. உடம்பில் சுடுதண்ணீரைச் சூடு என்று உணரும் அதே உணர்வாங்கிதான் மிளகாயையும் சூடு என்று உணர்கிறது என்று அவர் கண்டார். கொடைக்கானல் ஏரிக்கரைக் குளிரில் மிளகாய்ச் சட்னிக்குக் கூட்டம் ஏன் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடைக்காது.

உறைப்பைக் கூட்டும் வழி, செடிக்குக் கொஞ்சம் கஷ்டம் காட்டுவது. பூத்துக் காய் பிடித்தபின் பாசனத்தின் இடைவெளியைச் சற்று நீட்டலாம். யூரியாவைக் கைதவறிக் கொட்டாமல் இருக்கலாம். காயை முற்றவிட்டுப் பறிக்கலாம். பெரும்பாலும் வானம் பார்த்த பூமியில் விளையும் ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. தினமும் காலை மாலை தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிச் செல்லம் கொடுப்பவர்கள் இலைக்குத்தான் பரிசு வாங்க முடியும்.

இங்கே ஒரு மறுப்பு. குடைமிளகாய்ப் பக்கத்தில் காந்தாரி வைத்தால் இந்த ஆண்டே குடைமிளகாய் உறைக்கும் என்று மலை நெடுகச் சொல்வார்கள். உறைக்காது. தேனீ செய்யும் கலப்பு விதைக்குள் போகிறது. அந்த விதையை எடுத்து அடுத்த முறை போட்டால்தான் குட்டு வெளிப்படும். விதை எடுப்பவர்கள் ரகங்களைத் தள்ளி வைக்க வேண்டியது அதற்காக.

மூன்றாம் இயல்: சாவு

மிளகாயின் ஆயுளைக் கூட்ட வேண்டுமானால் அது சாகும் வகைகளை அறிய வேண்டும். சாவு அறுவகை. பூச்சாவு, இலைச்சாவு, பழச்சாவு, களச்சாவு, மூட்டைச்சாவு, பெட்டிச்சாவு.

பூச்சாவு குளிராலும் வரும், 35 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலாலும் வரும், நினைத்தபோது பாய்ச்சி நினைக்காதபோது காயவிடுவதாலும் வரும். பூ உதிர்வதைத் தடுக்க நட்ட 60ஆம் நாளும் 90ஆம் நாளும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் கணக்கில் என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். தண்ணீரை ஒழுங்காக விட்டபின் தெளித்தால் பலன். பூம்பாறைப் பனியில் தெளித்தால் தெளித்த பலன்.

இலைச்சாவில் பணம் அதிகம் போகிறது, காரணம் மருத்துவம் அல்ல, நோயறிதல். இலையை உற்றுப் பார்க்க வேண்டும். ஓரங்கள் மேல்நோக்கி மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். முதலாவது பூச்சி, இரண்டாவது பூச்சியே இல்லை, எட்டுக்கால் சாதி. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைக் கொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. 'இலை சுருட்டுதுங்க' என்று மட்டும் சொன்னால் கடையில் எது கைக்கு எட்டுகிறதோ அது கிடைக்கும். செடியின் ஒரு கொத்தை ஒடித்து எடுத்துப் போய்க் காட்டுவது நல்லது. 2021இல் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பூவுக்குள் கூட்டமாகக் குடியேறி மிளகாய்க்காட்டை அழித்தது புது வகைக் கறுப்பு இலைப்பேன். மருந்தை மாற்றி மாற்றி அடித்தும் அடங்கவில்லை. வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம், செடி உயரத்துக்கு நீல ஒட்டுப்பொறி, தேவைக்கு மேல் யூரியா போடாமை ஆகிய மூன்றும் மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். இதில் அவருக்கு வியாபாரம் இல்லை.

பழச்சாவு, பழுத்த காயில் குழிவாக ஒரு வட்டம் விழுந்து, அதற்குள் கரும்புள்ளி வளையம் வளையமாகத் தோன்றுவது. கொல்லெட்டோட்ரைக்கம் என்ற பூசணத்தின் வேலை. மழைத்துளி தெறித்துப் பரவும், விதையோடும் வரும். நோய் கண்ட பழத்தில் விதை எடுக்காமலிருப்பதும், மேலிருந்து தெளிக்காமல் வேரடியில் பாய்ச்சுவதும் பாதி வைத்தியம்.

களச்சாவு பெரிய சாவு. நூறு கிலோ பழம் பறித்தால் வத்தலாக நிற்பது 25 முதல் 35 கிலோ. மற்றதெல்லாம் ஆவியாகப் போக வேண்டிய தண்ணீர். அது போகும் வேகத்தில்தான் தரம் இருக்கிறது. பறித்த பழத்தை உடனே வெயிலில் கொட்டக் கூடாது. நிழலில் இரண்டு மூன்று நாள் குவித்து வைத்தால் அரைப்பழமும் சேர்ந்து சிவக்கும். பிறகு மெல்லிய பரப்பாக விரித்து, நாளில் பலமுறை கிளறி, பொழுது சாய்ந்ததும் குவித்து மூட வேண்டும். வெறுந்தரையில் விரித்தால் இரவுப் பனியும் மண்ணும் கோழியும் பங்கு கேட்கும். மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் ஒரு குளியல் சொல்லியிருக்கிறது: பொட்டாசியம் கார்பனேட், கொஞ்சம் கடலை எண்ணெய், பிசின் கலந்த தண்ணீரில் பழத்தை முக்கி எடுத்தால் தோலின் மெழுகு இளகி, காயும் நாள் குறையும். வழவழப்பும் நிறமும் உபரி. விலைக்கு நிறம்தானே முதல் சாட்சி.

மூட்டைச்சாவு மனிதன் செய்வது. ஈரப்பதம் 10, 11 சதவீதத்துக்கு இறங்கினால்தான் வத்தல் கெடாது. ஆனால் அந்த அளவு காய்ந்தது மூட்டையில் அடைக்கும்போது உடையும்; எடையும் குறைவு. ஆகவே சிலர் அடைக்குமுன் தண்ணீர் தெளிப்பார்கள். தெளித்த தண்ணீர் காசாகும், பிறகு ஆஸ்பெர்ஜில்லஸ் பூசணமாகும், அதன்பின் அஃப்ளாடாக்சின் என்ற ஈரல் நஞ்சாகும். கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் உள்ளே விடாது. உள்ளூர்ச் சமையலறைக்கு அவ்வளவு கறாரான காவல்காரர் இல்லை. காய்ந்ததை வெளிச்சம், காற்று, சூடு மூன்றிலிருந்தும் மறைத்தால் நிறம் நிற்கும். குண்டூர்க்காரர்கள் குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் வைப்பது அதற்குத்தான்.

பெட்டிச்சாவு நம் வீட்டு ஃப்ரிட்ஜில் நடப்பது. பச்சை மிளகாய்க்கு 7 முதல் 10 டிகிரி போதும். அதற்குக் கீழே போனால் தோலில் குழி விழும், விதை கறுக்கும். குளிர் அதிகமானதால் கெட்டதை, குளிர் போதாமல் கெட்டதென்று நினைத்து இன்னும் உள்ளே தள்ளுகிறோம். ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கம் அல்லது அடித்தட்டுக் காய்கறிப் பெட்டி உத்தமம். காம்பு பற்றி விதி இரண்டு, ஒன்றுக்கொன்று எதிர். பச்சையை வைக்கும்போது காம்பைக் கிள்ளித் துடைத்து உலர்த்தி வைக்க வேண்டும், அழுகல் காம்படியில் தொடங்கும் என்பதால். வத்தலைக் காம்போடு வைக்க வேண்டும், அந்த ஓட்டையை அடைத்து விதையையும் வாசனையையும் காப்பது காம்பு என்பதால்.

ஆறு சாவையும் வென்ற ஒரு வகை உண்டு: மோர் மிளகாய். புளித்த மோரின் அமிலம், உப்பு, வெயில் மூன்றும் மாறி மாறிப் பூட்டிய பண்டம். இரவில் மோரில் ஊறி, பகலில் வெயிலில் காய்ந்து, மோர் வற்றும்வரை இதே வேலை. இதை வகைநூல் தனி இயலாகச் செய்திருக்க வேண்டும். பழைய சோறு ஆறிவிடும் என்பதால் விட்டுவிட்டோம்.

நான்காம் இயல்: தீர்ப்பு

விளைச்சல் அடித்தட்டுக்கு, உறைப்பு இடைத்தட்டுக் காந்தாரிக்கு. உச்சித்தட்டுக்கு மிளகாய் வேளாண்மை விதிக்கப்படவில்லை. ஆனால் பச்சை மிளகாயைக் காக்கும் இயற்கைக் கிடங்கு அந்தத் தட்டே. வத்தலக்குண்டில் மூன்றாம் நாள் வதங்கும் காய், கொடைக்கானல் சமையலறை மாடத்தில் கூடுதல் நாள் நிற்கும். வத்தல் கதை நேர்மாறு: மூடுபனி ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துபோகும். அங்குள்ளவர்கள் மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக் காற்றுப்புகாமல் வைக்க வேண்டும்.

இன்னொன்றும் செய்யலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டைப் புகையேற்றிப் பாதுகாப்பது அந்தப் பக்கத்தில் பழகிய கை. ஸ்பெயினில் லா வேரா என்ற பள்ளத்தாக்கில் இலையுதிர் காலம் ஈரமானது. அங்கே மிளகாயை ஓக் விறகுப் புகையில் நாள்கணக்கில் உலர்த்திப் பொடியாக்குகிறார்கள், உலகெங்கும் விற்கிறார்கள். மெக்சிகோவில் தடித்த ஹலபீனோ வெயிலில் காயாது என்பதால் புகையில் காயவைத்துச் சிபோட்லே என்று பெயர் வைத்தார்கள். வெயில் இல்லாதவர்கள் விறகைப் பிடித்தார்கள். அடிவாரத்துப் பழத்தை மேலே கொண்டுபோய், பூண்டுக்குப் போடும் புகையிலேயே ஒரு தட்டு மிளகாயும் தொங்கவிட்டுப் பார்க்க பூம்பாறையில் யாராவது முன்வந்தால் இந்நூலுக்குப் பதிப்பு இரண்டு தேவைப்படும்.

அதுவரை, கடையில் வத்தல் வாங்குகிறவர்கள் சிவப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். குண்டு மிளகாயாக இருந்தால் ஒன்றை எடுத்துக் காதருகில் ஆட்டுங்கள். விதை கலகலவென்று ஆடினால் வாங்குங்கள்; ஊமையாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.